ஆயிரம் மீசை நோட்டு

"கள்ள நோட்டு அடிச்சது யாரு?"

முதலாளி கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். மேசை மேல் கட்டுக்கட்டாக நோட்டு. அத்தனையிலும் அவர் முகம், அவர் மீசை.

மெஷின் அண்ணன் கையிலிருந்த மையைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "கள்ளம் என்ன சார் கள்ளம்? நல்ல பேப்பர்லதான் அடிச்சேன்."

அந்த அச்சகத்தில் மொத்தமே நாலு பேர். மதியம் சாப்பிட்டதும் 'சட்டசபை' என்று ஓர் ஆட்டம் ஆடுவார்கள். யார் வேண்டுமானாலும் புதுச் சட்டம் கொண்டுவரலாம், பாதிக்கு மேல் கை தூக்கினால் அது சுவரில் ஏறிவிடும். ஆட்டத்துக்கென்று விட்ட காசுதான் மீசை நோட்டு. அச்சகத்துக்குள்ளேயே நோட்டு விட்டால் சும்மா இருப்பார்களா? மூன்றே வாரத்தில் ஆயிரம் மீசைக்கு ஒரு குண்டூசி கூடத் தேறவில்லை.

"நேத்து ஒரு ஆயிரத்தாலதான் டீ கொட்டினதைத் துடைச்சேன்" என்றாள் பைண்டிங் அக்கா.

"என் மூஞ்சியாலயா?"

"மீசைப் பக்கத்தாலதான் சார். நல்லா உறிஞ்சுது."

டிசைனர் பெண் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அவள் 'வாலு'. ஊரில் அவளுடைய கூடப்பிறந்த அக்காவுக்குக் குழந்தை பிறந்து பத்து நாளாகிறது, இன்னும் போய்ப் பார்க்கவில்லை. சனிக்கிழமை லீவு வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டாயிற்று. "டெலிவரி நாள்ல லீவா? மூச்!" என்று இரண்டு தடவையும் ஒரே பதில். இன்று வெள்ளிக்கிழமை.

"சார், காசையே மாத்திடுவோம்" என்றாள். "அச்சடிக்கவும் முடியக் கூடாது, பதுக்கவும் முடியக் கூடாது."

"உலகத்துல அப்படி ஒரு காசு எங்கம்மா இருக்கு?"

"உங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கு சார். ஐஸ் கட்டி."

ஆளுக்கு அஞ்சு கட்டி. ஃப்ரிட்ஜ் சாவி முதலாளி பாக்கெட்டில். ஐந்து மணிக்கு எண்ணிக்கை. மீசை நோட்டு இந்த நிமிஷத்திலிருந்து செல்லாது. ஏற்கெனவே டைப் பண்ணி வைத்திருந்தாள்.

மெஷின் அண்ணன் குதித்தார். "ஒரு பீரோ நிறைய வச்சிருக்கேன் வாலு! இனிமே எடைக்குத்தான் போடணுமா?"

கை தூக்கும் முன் சுவரில் இருக்கும் முதல் மூன்று சட்டங்களையும் முதலாளி சத்தமாகப் படிப்பார். மூன்றும் அவரே எழுதியவை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு: இங்க ஒட்டின சட்டம் முதலாளிக்கும் சேர்த்துத்தான். ரெண்டு: வெள்ளிக்கிழமை எண்ணும்போது யார்கிட்ட அதிகமோ, அவங்க கேக்கிற ஒண்ணை முதலாளி செஞ்சு தரணும். மூணு: கையில ஒண்ணுமே இல்லாதவங்க போண்டி. மறுநாள் பூரா இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது." தானே தலையாட்டி ரசித்தார். "மூணாவதுல என்ன ஒரு கெத்து பாத்தீங்களா!"

மூன்று கை உயர்ந்தது. அண்ணன் கை மட்டும் இடுப்பில் இருந்தது.

அப்புறம் யாருக்கும் வேலை ஓடவில்லை. அண்ணன் தன் ஐந்தையும் டீ ஃப்ளாஸ்கில் போட்டுத் திருகினார். பைண்டிங் அக்கா துணியில் சுற்றி, அதன் மேல் வெட்டின காகிதத் துண்டுகளைக் குவித்தாள். முதலாளி ஏசி ரூமுக்குள் போய், தன் பங்கைக் காவல் காத்தார்.

வாலு ஒரு டம்ளரில் போட்டு ஜன்னலோரம் வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, அங்க வெயில் அடிக்குதுடி!"

"இந்த விசிட்டிங் கார்டை முடிச்சுட்டு வரேன்க்கா."

ஐந்து மணி. அண்ணனிடம் முழுசாக நாலு. அக்காவிடம் இரண்டு. முதலாளி உள்ளங்கையை விரித்தார், பட்டாணி அளவில் ஒன்று. வாலுவின் டம்ளரில் வெறும் தண்ணீர்.

"தண்ணி செல்லாது" என்றார் முதலாளி.

"தெரியும் சார்." ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.

அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. அவள் காதருகே குனிந்தார். "சட்டம் போட்டவ நீ, ஜெயிச்சவன் நானு. மெஷின்கிட்ட உக்கார ஒரு நாற்காலி கேக்கலாம்னு இருந்தேன், அதை அப்புறம் பாத்துக்கலாம். உனக்கு லீவு கேக்கவா?"

"வேணாம்ண்ணே. உங்களுக்குத்தான் முதுகு வலி. நாற்காலியே கேளுங்க."

அண்ணன் நாற்காலி கேட்டார். முதலாளியும் பெருந்தன்மையாக, "குஷன் வச்சதாவே வாங்கிடலாம்" என்றார். பிறகு இவள் பக்கம் திரும்பினார். "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத வாலு. காலையில எட்டு மணிக்கெல்லாம் வந்துடு, டெலிவரி நிறைய இருக்கு."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சார், அந்த மூணாவது சட்டத்தை இன்னொரு தடவை படிங்களேன். நீங்க படிச்சாத்தான் கெத்து."

முதலாளி குஷியாகக் கண்ணாடியை மாட்டினார். "கையில ஒண்ணுமே இல்லாதவங்க போண்டி. மறுநாள் பூரா இந்த வாசப்..." குரல் பாதியில் நின்றது.

பைண்டிங் அக்கா வாயில் கை வைத்தாள். "அடிப்பாவி! இதுக்குத்தான் ஐஸா?"

"மீசை நோட்டுன்னா குப்பைத் தொட்டியில கைவிட்டாக்கூட நாலு ஒட்டிக்கும்க்கா. போண்டியாக விட்டாத்தானே!" வாசப்படியைக் கவனமாகத் தாண்டி, வெளியே நின்று திரும்பினாள் வாலு.

"டிக்கெட் முந்தாநாளே எடுத்துட்டேன் சார்."