தெருவுக்கு ஒரு பொன்னாடை

ஆளுநர் ஆட்சியின் ஆறாவது உபரி பட்ஜெட்டுக்கு உதவியவர்களைக் கௌரவிக்கும் வாரம் அது. அரசுக்குச் செலவு வைக்காமல் இறந்தவர்களின் வீடுகளுக்குச் சான்றிதழ் போய்க்கொண்டிருந்தது.

வருவாய் ஆய்வாளர் சுகந்தி, பவுன்ராஜுக்குப் பொன்னாடை போர்த்தினாள். அதில் யாரோ ஒருவரின் வியர்வை வாடை அடித்தது. சான்றிதழில் பவுன்ராஜின் மனைவி ரோஸ்லின் பெயருக்குக் கீழே, ‘ஆம்புலன்ஸ் செலவு: பூஜ்யம்’ என்றிருந்தது.

“மூணு தடவை கூப்பிட்டேம்மா. வண்டி வரவே இல்ல.”

“அதான் சார் மிச்சம். கொஞ்சம் இப்படிப் பாருங்க, போட்டோ.”

பவுன்ராஜ் பார்த்தார். படம் எடுத்ததும் சுகந்தி பொன்னாடையை உருவி மடிக்கத் தொடங்கினாள்.

“தப்பா நினைக்காதீங்க சார். தெருவுக்கு ஒண்ணுதான் குடுத்திருக்காங்க. இங்கயே இன்னும் எட்டு வீடு இருக்கு.”