மரங்கொத்தி நீட்டிய ஓலை

கரடியின் கடைத் தேனைக் குடித்த மூன்று மான்குட்டிகள் மயங்கி விழுந்தன. வணிக மன்றத்தின் ஆய்வாளரான மரங்கொத்தி உடனே கடைக்கு வந்து, கிடங்கைத் திறக்கச் சொன்னது.

கரடி சிரித்தது. "சிங்கமே என்னைக் கேட்டுத்தான் உள்ளே வரும். நீ யார்?"

"சிங்கம் விருந்தாளி. நான் மன்றத்தின் ஆணையோடு வந்திருக்கிறேன்" என்று மரங்கொத்தி ஓர் ஓலையை நீட்டியது. மறுத்தால் கடையின் உரிமம் போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது. கரடி கதவைத் திறந்துவிட்டது.

உள்ளே எல்லாக் குடங்களும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மூலையில் அங்கே வேலை செய்யும் தேனீ ஒன்று தலைகுனிந்து நின்றது. மரங்கொத்தி அதனிடமும் ஓர் ஓலையைக் கொடுத்தது. "மன்றத்துக்கு வந்து தெரிந்ததைச் சொல்லுங்கள். உங்களை யாரும் தடுக்க முடியாது."

தேனீ அதை இரண்டு முறை படித்தது. பிறகு கரடியை நிமிர்ந்து பார்த்து, "நான் போயே ஆக வேண்டுமாம், முதலாளி" என்றது.

அரளிப்பூத் தேன் கலந்த குடங்களைப் புதைத்த இடத்தை அது மன்றத்தில் சொன்னது. தோண்டியபோது ஏழு குடங்கள் கிடைத்தன. நஞ்சு எதுவென்று தெரிந்ததால் வைத்தியர் மான்குட்டிகளைப் பிழைக்க வைத்தார்.

"இதை முன்பே ஏன் சொல்லவில்லை?" என்று மன்றத் தலைவரான ஆமை கேட்டது.

தேனீ சிறகுகளை விரித்து நின்றது. "இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை, ஐயா."