அனுப்ப மறுத்த அப்பா

“பெத்த பிள்ளை வாய்ல மண்ணை அள்ளிப் போடுற அப்பனை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்” என்றார் உபகாரசாமி. கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து, கோயில் வாசலில் எல்லோருக்கும் கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திட்டு வாங்கியவர் சகாய ஆண்டனி. சாக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கோயிலுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்பதும் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதும் அவர்தான். கூலி என்று ஒரு ரூபாய் கேட்டதில்லை.

விஷயம் வேறொன்றும் இல்லை. உபகாரசாமி இருபது வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறவர், லீவுக்கு மாமனார் ஊருக்கு வந்திருந்தார். பூசையில் ஆண்டனியின் மகள் பெல்சி பாலன் இயேசுவுக்குத் தாலாட்டுப் பாட, மனிதர் கைக்குட்டை நனைய அழுதுவிட்டார். வெளியே வந்த கையோடு எல்லோர் முன்னாலும் அறிவித்தும் விட்டார். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பெல்சி சிங்கப்பூர் வந்து, அவர்கள் கோயிலில் பாட வேண்டும். செலவெல்லாம் அவருடையது. அங்கேயே தங்கிப் பாட்டுப் படிக்கவும் ஏற்பாடு செய்வாராம்.

பிளஸ் டூ படிக்கிற பெல்சிக்குப் பாட்டுத்தான் உயிர். ஒரு கணம் அவள் முகம் பூவாய் மலர்ந்தது. அடுத்த கணமே வாடிப்போய் அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா விட மாட்டாரு, பெரியப்பா” என்றாள்.

ஆண்டனி திடுக்கிட்டு மகளைப் பார்த்தார். அவர் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. “ஆமாண்ணே. பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்ப மாட்டேன்” என்றார்.

உபகாரசாமிக்கு ஆத்திரம் வந்தது அதனால்தான்.

“தனியா அனுப்பப் பயமா இருந்தா நீயும் வாப்பா. உனக்கும் டிக்கெட் போடுறேன்.”

“எனக்கும் வேணாம்ணே.”

“உன் வீடு எங்குட்டு இருக்கு? நான் வந்து உன் சம்சாரத்துக்கிட்டப் பேசிக்கிறேன்.”

“கண்மாய்க்கு அங்குட்டு வரிசையா இருக்குல்ல, அதுல ஒண்ணு.”

“சொந்த வீடா?”

“அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. கவர்மெண்டு கட்டிக் குடுத்தது.”

“ஓசி வீட்டுல உக்காந்துக்கிட்டு இம்புட்டு வீம்பா?”

பாட்டு டீச்சர் அற்புதம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று ஆண்டனி தலையை அசைக்க, டீச்சர் கேக் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். உள்ளூர்க்காரர்களும் டீச்சர் பின்னாலேயே ஒதுங்கிக்கொண்டார்கள்.

உபகாரசாமி விடுவதாக இல்லை. ஆனால் இப்போது அவர் குரல் இறங்கியிருந்தது. “வெளிநாட்டுல கிறிஸ்துமஸ்னா எப்படி இருக்கும் தெரியுமா தம்பி? கோயில் இருக்கும், பூசை இருக்கும், பக்கத்துல இருக்கிறவன் சிரிச்சுக்கிட்டே கையும் குடுப்பான். ஆனா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துனா, நாம இங்க யாரோதானேன்னு நெஞ்சை அடைக்கும். அந்தச் சனத்துக்கு இந்தப் புள்ள பாட்டு எம்புட்டு ஆறுதலா இருக்கும். சொந்த ஊர்லயே கெடக்குற உனக்கு இது எங்க வெளங்கப்போகுது?”

“வெளங்குதுண்ணே” என்றார் ஆண்டனி.

“வெளங்கி என்னத்துக்கு?” என்று சொல்லிவிட்டு உபகாரசாமி காரில் ஏறிப் போய்விட்டார்.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த பங்குச்சாமியாருக்கு மனசு கேட்கவில்லை. ஆண்டனியைத் தனியே தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“பெல்சி குடிலுக்குப் பின்னாடி நின்னு அழுவுது, பாத்தீகளா?”

“பாத்தேன் ஃபாதர்.”

“ஊரே உங்களைப் பத்தித்தான் பேசப்போகுது.”

“பேசட்டும் ஃபாதர். என்னையத்தானே பேசுறாக.”

“பிடிவாதம் பிடிக்காதீக. பாஸ்போர்ட் இல்லைன்னு தயங்குறீகளா? நான் ஆள் வச்சு எடுத்துத் தாரேன்.”

அதுவரை கல்லாய் நின்ற ஆண்டனிக்குக் கண் நிறைந்துவிட்டது. “எந்த நாட்டுப் பாஸ்போர்ட் ஃபாதர்? மன்னார்ல குண்டு விழுந்தப்ப எங்கப்பா என்னையத் தோள்ல போட்டுக்கிட்டுப் படகு ஏறுனாரு. அப்ப எனக்கு நாலு வயசு. அன்னையில இருந்து இன்னைய வரைக்கும் முகாம்தான். எம் சம்சாரமும் முகாம்லயே வளந்தவதான். ‘நாங்க அகதி, எங்களுக்குப் பாஸ்போர்ட் கெடையாது’ன்னு அம்புட்டுப் பேருக்கு முன்னாடி சொல்லப் பெல்சிக்கு வாய் வரல. அதான் எம் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டா. சொல்லிட்டுப் போகட்டும் ஃபாதர். அவளுக்கு நான் குடுக்க முடிஞ்சது அது ஒண்ணுதான்.”

சாமியாருக்கு இன்னும் பிடிபடவில்லை.

“நீங்க அங்க இருந்து வந்தீக, சரி. பெல்சி இந்த ஊர்லதானே பொறந்தா? அவ வெளிநாடு போறதுக்கு என்ன தடை?”

“அவ பொறந்ததுல இருந்தே வெளிநாட்டுலதான் இருக்கா, ஃபாதர்.”