விரலளவு இடைவெளி

கோட்கா துறைமுகத்தை ஒட்டிய பழைய நடன அரங்கில், ராக் பாடகர் ரெய்யோ பாட்டின் கடைசி அடியை இழுத்து நிறுத்துகிறார். அவர் கதையைத்தான், அவரையே நடிக்கவைத்து, சொற்பக் காசில் படமாக்குகிறார்கள். வெளியே பட்டப்பகல், ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி இரவாக்கியிருக்கிறார்கள். அறுபத்தொன்பது வயதுத் தொப்பைக்குப் பத்தாத அவருடைய அந்தக்காலத் தோல் சட்டையை முதுகில் கிழித்து ஊக்கு மாட்டியிருக்கிறார்கள். காமிராவுக்கு முன்பக்கம் போதும். எதிரே மீன் சூப்புக்கும் காபிக்கும் ரசிகர்களாக நடிக்க வந்த இருபத்திரண்டு பேர், ஆயிரம் பேராகத் தெரிய நெருக்கியடித்து நின்று, வாயை அகலத் திறந்து ஓசையில்லாமல் ஆர்ப்பரிக்கிறார்கள். தட்டப்போகும் கைகள் ஒன்றையொன்று தொடாமல் விரலளவு இடைவெளியில் நின்றுவிடுகின்றன. பாடகரின் குரல் மட்டும் சுத்தமாகப் பதிய வேண்டும். கைதட்டலைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். அப்போது படபடவென்று ஒரு ஜோடிக் கை நிஜமாகவே தட்டுகிறது. மூன்றாம் வரிசையில் பச்சைக் கம்பளித் தொப்பி போட்ட பெண்மணி; கண்கள் கலங்கியிருக்கின்றன. ரெய்யோவின் முதுகு தானாக நிமிர, ஓர் ஊக்கு தெறித்து விழுகிறது.

“கட்! யாருங்க அது? சத்தம் வரக் கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!” கத்துகிறாள் இயக்குநர் சில்யா.

“மன்னிச்சிரும்மா. பாட்டுல என்னையே மறந்துட்டேன்.”

“மறக்கிறதுக்கா வந்தீங்க? ரெய்யோ, இன்னொரு தடவை.”

“தட்டினா தட்டிட்டுப் போகட்டுமே,” என்கிறார் ரெய்யோ. யாரும் காதில் வாங்கவில்லை.

அந்தப் பெண்மணியைப் பார்த்தே பாடுகிறார், முன்னதைவிட நன்றாகவே பாடுகிறார். பாட்டு முடிகிறது. அவள் வாயை அகலத் திறக்கிறாள். அவளுடைய கைகளும் விரலளவு தள்ளியே நின்றுவிடுகின்றன.

“பிரமாதம்!” என்கிறாள் சில்யா. “ஒரு பொட்டுச் சத்தம் இல்ல.”