கம்பியடி ஈரம்

கம்பி காய்ந்திருக்கும் என்ற பயத்தோடுதான் துளசிமணி பேருந்தை விட்டு இறங்கினாள். பாறைக்கடியில் தண்ணீர் ஓடும் தடத்தைக் கம்பிக்குக் கம்பி மின்சாரம் விட்டுப் பார்க்க, குடிநீர் வாரியத்தார் ஊரில் வாசலுக்கு வாசல் கம்பி நட்டிருந்தார்கள். மண்ணில் மின்சாரம் பாய, தினமும் அதன் அடியில் ஒரு சொம்பு உப்புத்தண்ணீரை வீட்டுக்காரர்கள் ஊற்றவேண்டும். பத்து நாள் காய்ந்தால் அந்த வீட்டுக் குழாயை அடைத்துவிடுவார்கள். மகளின் அறுவை சிகிச்சைக்காகக் கோவை போனவளுக்கு இன்றோடு நாற்பது நாள். தண்ணீரில்லாத வீட்டில், புண் ஆறாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

வாசலில் கம்பியடி மண் ஈரமாக இருந்தது. பக்கத்தில் காலிச் சொம்போடு பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள் நின்றாள். வேலித் தகராறில் இருவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை.

"நீங்க ஊத்துனீங்களாக்கா?"

"உனக்காவ ஒண்ணுமில்ல. உன்ற கம்பி காஞ்சா என்ற வூட்டுத் தண்ணியும் தெரியமாட்டேங்குது." பிறகு துளசிமணியின் தோளைப் பிடித்து நின்ற மகளைப் பார்த்தாள். "இப்பிடி எளச்சுட்டியே கண்ணு."

சண்டைக்கென்று துளசிமணி மனதில் சேர்த்துவைத்திருந்த சொற்கள் ஏராளம். நன்றி சொல்ல ஒன்றுகூட வரவில்லை. உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள், தண்ணீர் கொட்டியது. ஒரு டம்ளர் பிடித்துவந்து நீட்டினாள். இந்த வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்று ஊரறியச் சொன்ன தெய்வாத்தாள், அதை வாங்கி அண்ணாந்து குடித்தாள்.