சனிக்கிழமை எழும்பாத கார்

"இண்டைக்கும் அது எழும்பாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. நான் வீணாப் பட்டுச் சீலை கட்டேல்ல," என்றாள் தவமணி.

சூசைதாசன் கண்ணாடிக்கு முன்னால் டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "இண்டைக்கு எழும்பும். நீர் கட்டும்."

"போனமுறையும் உப்பிடித்தானே சொன்னனீங்கள்? அட்டியலும் போட்டுக்கொண்டு சோபாவில இருந்து இடியப்பம் சாப்பிட்டனான்."

அது உண்மைதான். சூசைதாசனின் பெரிய எஞ்சின் பூட்டிய சிவப்பு மசில் கார் எழுபதாம் ஆண்டில் பிறந்தது. கனடாவுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் இப்படி ஒரு கார் உறுமிக்கொண்டு போனதைப் பார்த்து வாய் பிளந்தவர், பென்ஷன் எடுத்த கையோடு வாங்கிவிட்டார். மில்லிக்கனில் அவர்கள் தெருவில் அது போனால் சைக்கிள் ஓடும் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். கழுவுவார், துடைப்பார், மினுக்குவார். ஆனால் எஞ்சினை மூடியிருக்கும் பொனற்றைத் திறந்து ஒரு பெருமூச்சு விடுவதோடு மனிதரின் மெக்கானிக் அறிவு முடிந்துவிடும்.

கொண்டாட்டம் என்றால்தான் அந்தக் காருக்கு வஞ்சகம். கோடை வந்துவிட்டால் ரொறன்ரோவில் சனிக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு மண்டபம்: கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியவீடு, யாருக்காவது அறுபதாம் பிறந்தநாள். மற்றக் காரை மகள் வேலைக்குக் கொண்டுபோய்விடுவாள். இவர்கள் உடுத்து, நகை போட்டு, சென்ற் அடித்து வந்து ஏறினால் இது கர்கர் என்று இருமும், எழும்பாது. அடுத்த நாள் காலைப் பூசைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் போகும்.

"ஆண்டவருக்கு மட்டும் பயந்த கார்," என்பாள் தவமணி. ஆனால் அவர் விற்கப்போவதாக வாயெடுத்தால் அவளே, "பாவம், ஆசைப்பட்டு வாங்கினது, வைச்சிருங்கோ," என்றும் சொல்வாள். அவளுடைய அந்த மனதை நினைத்துச் சூசைதாசன் உருகிப்போவார்.

முதல் தடவை நின்றபோது மெக்கானிக் றிஸான் வீட்டுக்கே வந்தான். கழன்று கிடந்த ஒரு கறுப்பு வயரை அழுத்திச் செருகினான், கார் உறுமியது. தேநீரோடு வந்த தவமணிக்குச் சிரிப்பு. "உந்த வயர் ஒண்டுக்கோ தம்பி இவ்வளவு கூத்து?" பிறகு வந்த நேரமெல்லாம் அவனுக்கு ஒரு பிழையும் அகப்படவில்லை. திங்கட்கிழமை அவன் திறப்பைப் போட்டால் முதல் திருப்பிலேயே எழும்பிவிடும்.

"அண்ணை, உங்கட காருக்குச் சனிக்கிழமைதான் காய்ச்சல் வருது," என்று பகிடி விட்டுவிட்டுப் போவான்.

போன மாதம் தவமணியின் தங்கை மகளின் கல்யாணத்துக்கும் போக முடியவில்லை. "நாங்கள் வெளிக்கிட்டு நிண்டனாங்கள் பிள்ளை. இந்த மனிசன்ர கார் கழுத்தறுத்துப்போட்டுது," என்று தவமணி போனில் அழாக்குறையாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற சூசைதாசனுக்கு மானம் போய்விட்டது. திங்கட்கிழமையே காரை றிஸானிடம் கொண்டுபோய் விட்டார்.

"இதுக்குமேலயும் நிண்டால் வித்துப்போடுவன் றிஸான். றிச்மண்ட் ஹில்லில ஒருத்தன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்." சொல்லிக்கொண்டே காரில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"அப்ப பழசு ஒண்டையும் நம்பாதேங்கோ அண்ணை. வெளியில உதே சிவப்புக் கார், உள்ளுக்கு எல்லாம் புதுசு. புது எஞ்சின், கொம்பியூட்டர் இக்னிஷன், நாலு சில்லுக்கும் டிஸ்க் பிரேக். முந்தியிலும் பார்க்க இரண்டு மடங்கு பாயும்."

"பாயிறது கிடக்கட்டும். எழும்புமோ?"

"எழும்பாட்டி உங்களையும் அக்காவையும் நானே தோளில தூக்கிக்கொண்டு போறன்."

நேற்றுத்தான் கார் வந்தது. தவமணி வேலை முடிந்து வருமுன்பே கராஜுக்குள் விட்டுப் பூட்டினார். சின்னத் திருத்தம் என்று மட்டும் சொன்னார், எஞ்சினைப் பற்றி மூச்சு விடவில்லை. இன்று மச்சானின் மகளுக்குச் சாமத்தியவீடு. மண்டப வாசலில் அந்தக் கார் போய் உறுமி நிற்க, பக்கத்தில் தவமணி வாயடைத்து இருக்கவேண்டும் என்று அவருக்குப் பெரிய ஆசை. ஆனாலும் டை முடிச்சு மூன்றாம் தரமும் கோணலாகத்தான் விழுந்தது. இன்றும் நின்றால் விற்றுவிடுவதாக மாதாவுக்கு முன்னால் சத்தியம் செய்திருந்தார்.

"நான் வெளிக்கிட்டிட்டன். முன்னுக்குக் கராஜுக்குப் போறன், நீங்கள் ஆறுதலா வாங்கோ," என்று தவமணியின் குரல் கீழேயிருந்து கேட்டது.

எந்தக் கொண்டாட்டம் என்றாலும் அவள்தான் முதலில் ஆயத்தமாகிக் கராஜுக்குப் போவாள். பாவம், நாலு சனத்தைக் காண அவளுக்கு எவ்வளவு ஆசை, இத்தனை நாளும் என்னால் கெட்டுப்போனது என்று சூசைதாசன் மனம் நொந்தார்.

ஒருவழியாக டை படிந்தது. "மாதாவே, இண்டைக்கு மட்டும் கைவிட்டிடாதேங்கோ," என்று முணுமுணுத்தபடி படியிறங்கிப்போய்க் கராஜ் கதவைத் திறந்தார்.

காரின் பொனற் திறந்திருந்தது. பட்டுச் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி, தவமணி புது எஞ்சினுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். நெற்றிப் பொட்டு வியர்வையில் கரைந்திருந்தது. காலடி கேட்டும் அவள் நிமிரவில்லை.

"இஞ்சாருங்கோ, நான் சனிக்கிழமையில கழட்டுற அந்தக் கறுப்பு வயரை எங்கயப்பா துலைச்சனீங்கள்? இனி ஒவ்வொரு கிழமையும் மண்டபத்தில போயெல்லோ கிடக்கவேணும்," என்றாள், இந்தமுறை உண்மையாகவே அழாக்குறையாக.