வாகை மரத்தடியில் அரை மணித்தியாலம்

“மேடம், எங்கட பேஸ்புக் பக்கத்தில ஒரு முறைப்பாடு வந்திருக்கு. படத்தோட.”

எழுதுவினைஞர் மேனுகா போனை நீட்டினாள். வாகை மரத்தடியில் பிரதேச சபையின் குப்பை ட்ரக்டர். அதில் சாய்ந்தபடி சாரதி நிஷாந்தன், கையில் போன். ‘ஒவ்வொரு செவ்வாயும் அரை மணித்தியாலம் இதுதான் இவருக்கு வேலை. எங்கட வரிப்பணம்!’ கீழே நாற்பது பேர் திட்டித் தீர்த்திருந்தார்கள்.

செயலாளர் சிவனேஸ்வரிக்குச் சுள்ளென்று ஏறியது. அந்தப் பக்கத்தை நடத்துவது அவர்தான். யார் எதைக் கேட்டாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் போட்டுவிடுவார். இதற்கும் போட்டார்: ‘கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.’

“பாவம் மேடம். வாற மாசம்தான் அவருக்கு நிரந்தர நியமனம்.”

“அதுக்குக் கையெழுத்து வைக்கிறது நான்தானே? இண்டைக்குச் செவ்வாய். கையும் மெய்யுமாப் பிடிக்கிறன்.”

அந்த வாகை மரம் நின்றது, மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊரில். வாகனத்தை வளைவிலேயே விட்டுவிட்டு வேலியோரமாக மறைந்து நடந்தார் சிவனேஸ்வரி.

நிஷாந்தன் போனும் கையுமாகத்தான் நின்றான். சுற்றிவர பத்துப் பன்னிரண்டு பெண்கள். படம் எடுத்த புண்ணியவான் அவர்களைப் படத்திலிருந்து வெட்டிவிட்டிருந்தார்.

“வியாழக்கிழமை தண்ணி பவுசர் வராதாம். நாளைக்கே பிடிச்சு வையுங்கோ.”

அவன் வாசித்துச் சொன்னது, நேற்று சிவனேஸ்வரி பேஸ்புக்கில் போட்ட அறிவித்தல். பேஸ்புக் பார்க்க இவர்களிடம் போன் ஏது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வீரம்மா என்றொரு பெண் முன்னுக்கு வந்தார்.

“எங்க ரோட்டு லைட்ட பத்தி ஏதும் போட்டிருக்காங்களா தம்பி? இருட்டினா யானை வந்து நிக்குது. புள்ளைங்க டியூசன் முடிஞ்சு அந்த வழியாத்தான் வருதுங்க. கடுதாசி குடுத்து நாலு மாசமாச்சு.”

அந்தக் கடிதம் சிவனேஸ்வரியின் மேசையில், கோப்புகளுக்கு அடியில் கிடந்தது.

நிஷாந்தன் போனைத் தடவித் தடவிப் பார்த்தான்.

“ஓம் அம்மா, போட்டிருக்கினம். ‘வீரம்மாவின் கடிதம் கிடைத்தது. வாற கிழமை செயலாளர் நேரில வந்து பாப்பார்.’”

“நம்மளயும் மதிச்சுப் பதில் போட்டிருக்காங்களே!” வீரம்மாவின் கண் கலங்கியது.

அப்படியொரு வரியைச் சிவனேஸ்வரி எழுதவே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

வேலியோரத்திலிருந்து வெளியே வந்தார். நிஷாந்தனின் முகம் வெளிறிவிட்டது.

“மேடம்... நான் சும்மா...”

“திகதியைப் பிழையா வாசிச்சுப்போட்டீர், நிஷாந்தன்” என்றார் சிவனேஸ்வரி. “வாற கிழமை இல்லை, இண்டைக்கு எண்டுதான் போட்டனான். வாங்கோ வீரம்மா, லைட் எங்க வேணும் எண்டு காட்டுங்கோ.”